படகில் ஓதம் இல்லை

வக்கீல் வைத்துக்கொள்வதில்லை என்று கிளைவ் டனிக்ளிஃப் தீர்மானித்தபோது அவர் கையில் பாதி கடித்த ரொட்டி இருந்தது. மீதியைத் தட்டில் வைத்தார். வாயைத் துடைத்துக்கொண்டார். சமையலறை ஜன்னலுக்கு வெளியே பெய்துகொண்டிருந்த மழையைப் பார்த்து அறிவித்தார்.

"என் வழக்கை நானே பேசப் போறேன்."

மழை ஒன்றும் சொல்லவில்லை. ஃபிரிட்ஜைத் திறந்துகொண்டிருந்த அவர் மனைவி லோர்னாதான் திரும்பிப் பார்த்தாள்.

கிளைவ் என்றதும் கோட்டையும் பீரங்கியும் ஞாபகம் வந்தால் அதற்கு இவர் பொறுப்பில்லை. இந்தக் கிளைவ் ஒரு நாட்டையும் பிடித்ததில்லை. தண்ணீர்க் கம்பெனியில் முப்பத்தைந்து வருஷம் கசிவு பிடித்தவர். ஒரு நீளக் கம்பியின் ஒரு நுனியைத் தரையிலும் மறு நுனியைக் காதிலும் வைத்துக்கொண்டு, எந்தத் தெருவுக்கடியில் எந்தக் குழாய் அழுகிறது என்று சொல்லிவிடுவார். ஸ்டாஃபோர்ட்ஷையர் மாவட்டத்தின் பாதித் தெருக்கள் அவரிடம் அழுதிருக்கின்றன. வீட்டுக்குள் யாராவது அழுதால் மட்டும் அந்தக் கம்பி வேலை செய்யாது.

அதனால்தானோ என்னவோ, லோர்னா முப்பத்தெட்டாவது வருஷத்தில் விவாகரத்து கேட்டாள். அது பெரிய ஆரவாரம் இல்லாமலே கிடைத்தது. கணினியில் நாலு இடத்தில் தட்டினாள், காத்திருக்கச் சொன்னார்கள், காத்திருந்தாள், வந்துவிட்டது. மிச்சம் இருந்தது வீடு. அது தட்டினால் தீர்கிற சங்கதி இல்லை. அதற்குக் கோர்ட்டில் நாள் குறித்திருந்தார்கள், நவம்பர் நடுவில்.

அதுவரை இருவரும் அதே வீட்டில்தான் இருந்தார்கள். முதலில் வெளியே போகிறவர் விட்டுக்கொடுத்ததாக ஆகிவிடும் என்று இருவருக்குமே பயம். ஃபிரிட்ஜுக்குள் நீல டேப்பால் எல்லை போட்டிருந்தது. மேல் இரண்டு தட்டு லோர்னாவுக்கு, கீழ் இரண்டு தட்டு கிளைவுக்கு. கதவில் மட்டும் இரண்டு பால் பாட்டில்கள் தோளோடு தோள் உரசிக்கொண்டு, பேச்சுவார்த்தை இல்லாமல் நின்றன. கெட்டில் இரண்டு. டீத்தூள் டப்பா இரண்டு. மாடிப்படியில் எதிர்ப்பட்டால் "மன்னிக்கணும்" என்று ஒருவருக்கொருவர் ஒதுங்கி வழிவிட்டார்கள். கல்யாணமான நாளிலிருந்து அவர்கள் இவ்வளவு மரியாதையாக வாழ்ந்ததே இல்லை.

லோர்னாவின் வக்கீல் முன்பே ஒரு கடிதம் போட்டிருந்தார். வீட்டை விற்றுவிடலாம், ஆளுக்குச் சரிபாதி, முடிந்தது. கிளைவ் அதை மடித்து ஆடுகிற மேஜைக் காலுக்கு முட்டுக் கொடுத்துவிட்டார். அவருக்குப் பாதி வேண்டாம். வீடு வேண்டும். அந்த வீட்டில் அவர் கைபடாத குழாய் கிடையாது. குளியலறை ஓடு அவர் பதித்தது. தோட்டத்துக் கண்ணாடி அறை அவர் கட்டியது. அது கொஞ்சம் ஒழுகும் என்பது வேறு விஷயம். இந்த வயசில் வேறொரு வீட்டின் இருட்டில் ஸ்விட்ச் தேட அவரால் முடியாது. அவ்வளவுதான். அதை அவர் இப்படிச் சொன்னதில்லை. யாரிடமும் எதையும் இப்படிச் சொல்கிற பழக்கம் அவருக்கு இல்லை.

"நீயே பேசப் போறியா?" என்றாள் லோர்னா.

"ஏன், எனக்கு வாய் இல்லையா?"

"இருக்கு. அதான் சொல்றேன். ஒரு வக்கீல வெச்சுக்கோ, கிளைவ்."

"எதிராளியே புத்தி சொல்ற வழக்கு இதுதான் முதல் தடவையா இருக்கும்."

"எதிராளியாச் சொல்லல. நிஜமாத்தான் சொல்றேன். கோர்ட்டுக்குச் சொத்து விவரம் எழுதிக் குடுக்கற படிவமே இருபத்தெட்டு பக்கம். எங்க எதை எழுதணும், எதை எழுதக் கூடாதுன்னு சொல்ல ஒரு ஆள் வேணும். எனக்காகப் பேச வர்ற பாரிஸ்டர் பொண்ணு ரொம்பக் கெட்டிக்காரி. நீ தனியாப் போய் நின்னா வெங்காயம் மாதிரி உரிச்சிடுவா."

கிளைவ் சிரித்தார். தலையைப் பின்னால் சாய்த்து, பல்லெல்லாம் தெரிய, ஒரு பல் இல்லாத இடமும் தெரிய, நன்றாகவே சிரித்தார்.

"பயந்துட்டே நீ," என்றார். "தனியா நிக்கிற மனுஷனைப் பார்த்தா ஜட்ஜுக்கு இரக்கம் வரும். அது உனக்குத் தெரியும். அதான் என்னை வக்கீல் வெக்கச் சொல்றே."

லோர்னா ஃபிரிட்ஜ் கதவைப் பிடித்தபடியே கொஞ்ச நேரம் அவரைப் பார்த்தாள். உள்ளே விளக்கு எரிந்துகொண்டிருந்தது. பிறகு கதவை மெதுவாகச் சாத்தினாள்.

"சரி," என்றாள்.

அந்தச் 'சரி'யை கிளைவ் தன் வெற்றியாக எடுத்துக்கொண்டார். அவர் வெற்றிகள் எல்லாம் இப்படித்தான். அவள் இடப்பக்கம் திரும்பு என்றால் அவர் வலப்பக்கம் திரும்புவார். மாமியார் வீட்டுக்குப் போகிற வழியில் எத்தனையோ ஆட்டுப்பட்டிகளைப் பார்த்திருக்கிறார்கள். பல் டாக்டரிடம் போ என்றாள், போகவில்லை, பல்தான் போனது. உன் அண்ணனுக்கு ஒரு போன் பண்ணு, உடம்பு சரியில்லையாம் என்றாள். ஞாயிற்றுக்கிழமை பண்ணுகிறேன் என்றார். அண்ணன் சனிக்கிழமை காலமானார்.

படகு வாங்காதே என்றும் சொன்னாள். வாங்கினார்.

கால்வாயில் கட்டிப் போடுகிற ஒல்லியான நீளப் படகு. உள்ளே கட்டில், அடுப்பு, கையகலத்துக்கு ஒரு கழிப்பறை. லோர்னா அதில் ஒரே ஒரு இரவு படுத்தாள். காலையில் தலையணை ஈரம், தலைமுடி ஈரம், செருப்புக்குள் ஒரு நத்தை.

"ஓதம்," என்றாள்.

"மூச்சுக்காத்து," என்றார் கிளைவ். "நீ வாயைத் திறந்துட்டுத் தூங்கறே."

இருபது வருஷமாக அந்தச் சண்டை தீரவில்லை. விருந்துகளில், கல்யாணங்களில், ஒரு தடவை கல்லறைத் தோட்டத்தில்கூட அது நடந்திருக்கிறது. ஓதம் இருக்கிறது. இல்லை. இருக்கிறது. இல்லை. கோடைக்கால சனிக்கிழமைகளில் கிளைவ் படகுக்குப் போவார். பொழுது சாய்வதற்குள் வீட்டுக்கு வந்துவிடுவார். கட்டிலுக்கடியில், லோர்னா குனிந்து பார்க்க வாய்ப்பில்லாத மூலையில், ஈரம் உறிஞ்சும் டப்பாக்கள் ஆறு வைத்திருந்தார். வாரத்துக்கொரு முறை அவற்றிலிருந்து தண்ணீரைக் கொட்டுவார். கொட்டும்போது சுற்றுமுற்றும் பார்ப்பார்.

பக்கத்து வீட்டு நெவிலிடம் கிளைவ் தன் தீர்மானத்தைச் சொன்னார். நெவில் வேலியின் மறுபக்கத்தில் செடி கத்தரித்துக்கொண்டிருந்தார். இரண்டு தடவை விவாகரத்தானவர். அந்தத் தெருவில் அந்தத் துறையில் அவர்தான் நிபுணர்.

"யோவ், பைத்தியமா உனக்கு? வக்கீல் வை."

"நீ வெச்சியே."

"ரெண்டு தடவை வெச்சேன்."

"ரெண்டு தடவையும் வீடு போச்சே."

"போச்சு. ஆனா முறையாப் போச்சு."

"இந்த ஆறுதலுக்கா அவ்வளவு கூலி?"

"அதுக்கில்லய்யா." நெவில் கத்தரியைக் கீழே வைத்தார். "வக்கீல்னா என்னன்னு நெனச்சே? நமக்காகப் பேசற ஆள்னா? இல்ல. நாம வாயைத் திறக்கறப்ப முட்டியில ஒரு உதை விடற ஆள். அதுக்குத்தான் கூலி. என் ரெண்டாவது கேஸ்ல முட்டி வீங்கிப் போச்சு. அந்த உதை இல்லைன்னா இந்த வாடகை வீடுகூட இருந்திருக்காது. அது சரி, லோர்னா என்ன சொல்லுது?"

"வக்கீல் வெச்சுக்கோங்கறா."

நெவில் வேலிக்கு மேலே அவரை ஒரு மாதிரி பார்த்தார். "ஓ," என்றார். மறுபடி கத்தரியை எடுத்துக்கொண்டார்.

அந்த முட்டி உதை கிளைவின் மனதில் தைத்துவிட்டது. அன்று மத்தியானம் படிவத்தை எடுத்து விரித்தார். முதல் பக்கம் பெயர். சரியாக எழுதிவிட்டார். இரண்டாம் பக்கம் பிறந்த தேதி. மூன்றாம் பக்கத்திலிருந்து அது அவர் தாய்மொழியில் இருப்பதை நிறுத்திக்கொண்டது. ஒன்பதாம் பக்கத்தில் அவருக்கு வியர்த்தது. பதினான்காம் பக்கத்தில் போனை எடுத்து, கடைத்தெருவில் ரொட்டிக் கடைக்கு மாடியில் இருக்கும் வக்கீலிடம் வியாழக்கிழமை பதினோரு மணிக்கு நேரம் வாங்கிவிட்டார். தாழ்ந்த குரலில் பேசினார். லோர்னாவுக்குத் தெரிந்தால் தோற்றதுபோல் ஆகிவிடும்.

வியாழக்கிழமை வந்தது. கிளைவ் நல்ல கோட்டைப் போட்டுக்கொண்டார். அண்ணன் சாவுக்குக் கட்டிய டையைக் கட்டிக்கொண்டார். படிவத்தைப் பிளாஸ்டிக் பையில் போட்டுக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு, பூனை மாதிரி படியிறங்கினார். வாசலில் லோர்னா.

"எங்க?"

"சும்மா."

"டை கட்டிட்டு சும்மாவா?"

"காத்து வாங்க."

"வக்கீலைப் பார்க்கத்தானே? ரொட்டிக்கடை மாடி?"

கிளைவ் பையைக் கக்கத்தில் இன்னும் இறுக்கிக்கொண்டார். காது மட்டும் சிவந்தது.

"நல்ல காரியம்," என்றாள் லோர்னா. "சந்தோஷமாப் போயிட்டு வா. அந்த ஆளை நானே சொல்லணும்னு இருந்தேன். ரொம்ப நல்லவரு, நிதானமானவரு. அவர் சொல்றபடி கேளு, கிளைவ். ஒரு வார்த்தை எதிர்த்துப் பேசாதே."

அவள் கை தன்பாட்டுக்கு அவர் காலரை நோக்கி வந்தது. மடங்கியிருந்ததைச் சரிசெய்யத்தான். முப்பத்தெட்டு வருஷத்துப் பழக்கம். பாதி வழியில் அதற்கே ஞாபகம் வந்ததுபோல நின்று, திரும்பிப் போய் அவள் சட்டைப் பைக்குள் நுழைந்துகொண்டது.

கிளைவ் ஒரு காலை வாசலுக்கு வெளியே வைத்திருந்தார். மறு கால் உள்ளே. அப்படியே நின்று யோசித்தார்.

அவளே சொல்லணும்னு இருந்தாளாம். ஏன்? நல்லவராம். யாருக்கு நல்லவர்? எதிர்த்துப் பேசக் கூடாதாம். அவளுக்கு நல்லது ஒன்று எனக்கும் எப்படி நல்லதாக இருக்க முடியும்? இருவருக்கும் ஒரே நேரத்தில் நல்லதாக இருந்த விஷயம் கடைசியாக எது? அவருக்கு ஞாபகம் வரவில்லை.

வெளியே வைத்த காலை உள்ளே எடுத்தார்.

"நான் எங்கேயும் போகல," என்றார். "மழை வர்ற மாதிரி இருக்கு."

மாடிக்குப் போய் வக்கீல் ஆபீசுக்குப் போன் செய்து வரவில்லை என்று சொன்னார். அந்த இரண்டு நிமிஷப் பேச்சில் நாலு தடவை மன்னிப்புக் கேட்டார். கீழே லோர்னாவின் கெட்டில் கொதிக்கிற சத்தம் கேட்டது. அவள் ஏதோ பாட்டு முனகினாள். அவள் முனகிக் கேட்டு ரொம்ப நாளாகியிருந்தது.

படிவத்தைக் கிளைவ் தானே முடித்தார். இருபதாம் பக்கத்துக்குமேல் ஓரிடத்தில் 'உங்கள் தேவைகள்' என்று போட்டிருந்தது. இனி எங்கே வசிக்கப் போகிறீர்கள், அதற்கு என்ன வேண்டும், விவரமாக எழுதவும்.

இங்கே அவருக்கு வெளிச்சம் பிறந்தது.

கிளைவ் வளர்ந்த வீட்டில் ஒரு சட்டம் உண்டு. யாராவது கேக் தட்டை நீட்டினால் வேண்டாம் என்று சொல்ல வேண்டும். மறுபடி நீட்டினால், ஐயோ, பரவாயில்லை என்று சொல்ல வேண்டும். மூன்றாவது தடவை, அடடா எடுத்துக்கங்க என்று வற்புறுத்துவார்கள். அப்போது முகத்தைச் சுளித்துக்கொண்டு பெரிய துண்டாக எடுத்துக்கொள்ளலாம். முதல் தடவையே கை நீட்டுகிற பிள்ளை எங்கேயோ வேறு வீட்டுப் பிள்ளை. அந்த ஊரில் எல்லாரும் அப்படித்தான் வளர்ந்தார்கள். ஜட்ஜும் அந்த ஊர்தானே?

லோர்னா எப்படி எழுதியிருப்பாள் என்று அவருக்குத் தெரியும். ஓதமில்லாத வீடு. குளியல் தொட்டி. டாக்டர் பக்கத்தில். நியூஸிலாந்திலிருந்து மகள் வந்தால் தங்க ஒரு அறை. வரிசையாகக் கையை நீட்டியிருப்பாள். ஜட்ஜ் பார்ப்பார். இந்தப் பக்கம் பேராசை, அந்தப் பக்கம் பெருந்தன்மை. தட்டு யார் பக்கம் வரும்?

அழகான கையெழுத்தில் எழுதினார்:

'எனக்குத் தேவைகள் மிகவும் குறைவு. கால்வாயில் என் படகு இருக்கிறது. வருஷம் முழுக்க ஒரு மனிதன் அதில் ராஜாபோல வாழலாம். எதற்கும் யாருக்கும் தொந்தரவு கொடுக்க விரும்பவில்லை.'

படித்துப் பார்த்தார். கண் கலங்கியது. இவ்வளவு நல்ல மனிதனுக்கு வீட்டைக் கொடுக்காமல் இருக்க முடியுமா?

விசாரணைக்கு இருவரும் ஒரே காரில் போனார்கள். கோர்ட்டுப் பக்கம் வண்டி நிறுத்த ஏகப்பட்ட கட்டணம். இரண்டு வண்டிக்கு இரண்டு கட்டணம் கொடுப்பது முட்டாள்தனம் என்பதில் இருவருக்கும் கருத்து வேறுபாடு இல்லை. லோர்னா ஓட்டினாள். கிளைவ் மடியில் பிளாஸ்டிக் பையை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். வண்டியை நிறுத்தியதும் லோர்னா சாவியை உருவாமல் சொன்னாள்.

"இப்பக்கூட ஒண்ணும் கெட்டுப் போகல. வக்கீல் வெச்சுக்க அவகாசம் வேணும்னு ஜட்ஜைக் கேளு. தள்ளி வெப்பாங்க."

"உனக்குக் கை நடுங்குது பாரு," என்றார் கிளைவ் பெருமையாக.

நடுங்கத்தான் செய்தது.

கோர்ட் கிளைவ் நினைத்த மாதிரி இல்லை. பொய்முடி இல்லை, சுத்தியல் இல்லை. ஒரு நீள மேஜை, தண்ணீர் ஜாடி, அழுகிறவர்களுக்கு டிஷ்யூ பெட்டி. ஜட்ஜ் ஐம்பது வயசு அம்மாள், மூக்குக்கண்ணாடி, ஜலதோஷம். லோர்னாவுக்குப் பக்கத்தில் பாரிஸ்டர் மிஸ் ரெட்ஃபர்ன். அவர்கள் மகள் வயசுகூட இருக்காது. கிளைவுக்குப் பக்கத்தில் காலி நாற்காலி. அதில் பிளாஸ்டிக் பையை உட்கார வைத்தார்.

சத்தியம் செய்துவிட்டுச் சாட்சி சொல்ல உட்கார்ந்தார். மிஸ் ரெட்ஃபர்ன் எழுந்தாள். குரல் பால் மாதிரி இருந்தது.

"மிஸ்டர் டனிக்ளிஃப், நீங்க என்ன வேலை பார்த்தீங்க?"

"கசிவு கண்டுபிடிக்கறது. முப்பத்தஞ்சு வருஷம்."

"அப்ப ஈரம் எங்க இருந்தாலும் உங்களுக்குத் தெரிஞ்சிடும்?"

"ரெண்டு தெரு தள்ளியே தெரிஞ்சிடும்." ஜட்ஜைப் பார்த்துச் சிரித்தார். ஜட்ஜ் மூக்கைச் சிந்தினார்.

"படகுல வருஷம் முழுக்க ராஜா மாதிரி வாழலாம்னு எழுதியிருக்கீங்க. ஆனா என் கட்சிக்காரர் தன் வாக்குமூலத்துல வேற மாதிரி சொல்றாங்க. படிக்கிறேன்." காகிதத்தை எடுத்தாள். "'அந்தப் படகில் ஓதம் தாங்காது. குளிர்காலத்தில் அதில் மனிதர் இருக்க முடியாது. என் கணவருக்கு முட்டிவலியும் உண்டு.' மிஸஸ் டனிக்ளிஃப் சொல்றது சரிதானே?"

ஜன்னலில் மழை விழுந்தது.

ஆமாம் என்று ஒரு வார்த்தை. அதைச் சொன்னால் போதும் என்பது கிளைவுக்கே எங்கோ அடியில், தரைக்கடியில் குழாய் முனகுவதுபோலக் கேட்டது. வாயைக்கூடத் திறந்தார். லோர்னாவைப் பார்த்தார். அவள் தண்ணீர் ஜாடியைப் பார்த்துக்கொண்டிருந்தாள். இருபது வருஷம். எத்தனை விருந்து, எத்தனை கல்யாணம். இங்கே, சத்தியத்தின் பேரில், எழுத்தர் எழுதிக்கொள்ள, ஓதம் இருந்தது, லோர்னா சொன்னது சரி என்று சொல்வதா?

பக்கத்து நாற்காலியில் ஒரு ஆள் இருந்திருந்தால் முட்டியில் உதைத்திருப்பார். பிளாஸ்டிக் பைக்குக் கால் இல்லை.

"தப்பு," என்றார் கிளைவ்.

"தப்பா?"

"முழுப் பொய். அவ அதுல ஒரே ஒரு ராத்திரி படுத்திருக்கா. அவளுக்கு என்ன தெரியும்?"

"அப்ப படகுல ஓதம் இல்லை?"

"ஒரு சொட்டு இல்லை."

"நிபுணரா சொல்றீங்க?"

"நிபுணராவே சொல்றேன்!"

"நன்றி. வேற கேள்வி இல்லை," என்று மிஸ் ரெட்ஃபர்ன் உட்கார்ந்துவிட்டாள். இவ்வளவுதானா உரிப்பது என்று கிளைவுக்கே ஏமாற்றமாக இருந்தது.

ஜட்ஜ் கண்ணாடியைக் கழற்றினார். நல்ல அம்மாள், பாவம், கழுத்துவரை சளி.

"மிஸ்டர் டனிக்ளிஃப், உங்களுக்கு வக்கீல் இல்லாததால நானே கேக்கறேன். அவசரமில்லாம யோசிச்சுச் சொல்லுங்க. உங்களுக்குன்னு ஒரு சின்ன வீடு, ஒரு படுக்கையறையாவது உள்ளது, தேவைப்படும்னு நான் எழுதிக்கலாமா?"

தட்டு வந்துவிட்டது. அம்மா சொல்லிக் கொடுத்ததுபோல கிளைவ் முதுகை நிமிர்த்திக்கொண்டார்.

"வேண்டாங்க, மேடம். எனக்கு அதெல்லாம் எதுக்கு?"

"நிச்சயமா வேண்டாமா? ஜனவரி குளிர்ல?"

"ஐயோ, பரவாயில்லைங்க. உங்களுக்கு ஏன் சிரமம்."

சொல்லிவிட்டு, மூன்றாவது தடவைக்காக, முகத்தைக் கொஞ்சம் சுளித்துக்கொண்டு காத்திருந்தார்.

ஜட்ஜ் கண்ணாடியை மாட்டிக்கொண்டார். பேனாவை எடுத்தார். எழுதத் தொடங்கினார். அந்தப் பேனா காகிதத்தில் போகிற சத்தத்தை கிளைவ் கேட்டுக்கொண்டே இருந்தார். அது நிற்கவில்லை.

தீர்ப்பு மூன்று மணிக்கு. ஜட்ஜ் இருமலுக்கு நடுவே வாசித்தார். மிஸ்டர் டனிக்ளிஃப் மிகவும் நேர்மையான சாட்சி. தனக்கு வேறு வீடு தேவையில்லை என்று எழுத்திலும் வாயாலும் தெளிவாகச் சொன்னார். படகின் நிலை பற்றி மனைவி எழுப்பிய சந்தேகத்தை, அந்தத் துறையின் நிபுணர் என்ற முறையில் அவரே தீர்த்து வைத்தார். ஆகவே அவர் ஓய்வூதியம் முழுதும் அவருக்கே, படகும் அவருக்கே. மனைவியின் தேவைகள் விவரமாக நிரூபிக்கப்பட்டிருப்பதால் வீடு மனைவிக்கு. காலி செய்ய இருபத்தெட்டு நாள்.

கிளைவ் எழுந்தார். வீடு போன மனிதர், கோட்டுப் பொத்தானைப் போட்டுக்கொண்டு, "ரொம்ப நன்றிங்க, மேடம்" என்றார். வேறு என்ன சொல்வது என்று அவருக்குச் சொல்லித் தரப்படவில்லை.

திரும்புவதற்கும் ஒரே கார்தான். மழை வலுத்திருந்தது. கண்ணாடியில் தண்ணீர் வழிய, துடைப்பான் தள்ள, மறுபடி வழிந்தது. கால்வாய்ப் பாலத்தில் ஏறும்போது கீழே தண்ணீர் தகரத்தின் நிறத்தில் கிடந்தது. கிளைவ் அந்தப் பக்கம் பார்க்காமல் உட்கார்ந்திருந்தார்.

"படகுல ஓதம் இருக்கு," என்றார் கடைசியில். அவருக்கே கேட்காத குரல்.

"தெரியும்," என்றாள் லோர்னா. "நான்தான் எழுதிக் குடுத்தேனே."

"நான் ஆமான்னு சொல்லியிருந்தா?"

"பாதி வந்திருக்கும் உனக்கு."

பாலம் இறங்கியது. ஊர்ச் சாலையில் சிக்னல் சிவப்பாக இருந்தது. வண்டி நின்றது.

"வக்கீல் வெச்சுக்கோன்னு மூணு தடவை சொன்னே," என்றார் கிளைவ். "நான் கேட்டிருந்தா உனக்குத்தானே நஷ்டம்? எதுக்கு சொன்னே?"

லோர்னா ஸ்டியரிங்கில் இரண்டு கையையும் வைத்தபடி முன்னால் பார்த்துக்கொண்டிருந்தாள். சிவப்பு வெளிச்சம் அவள் முகத்தில் மழையோடு சேர்ந்து வழிந்தது. சந்தோஷமாக இருக்கிறாள் என்று சொல்ல முடியாது. பச்சை விழுந்ததும் கியரைப் போட்டாள்.

"முதல் தடவை உனக்காகத்தான் சொன்னேன், கிளைவ்," என்றாள். "நீ சிரிச்சே. மிச்ச ரெண்டு தடவையும் எனக்காகச் சொன்னேன்."